நேராக நடந்தவள்

ஒத்தக்கடையில் தமிழ்வாணி பஸ் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். முதுகில் இந்தியா என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு நாடு நாடாகப் போய் டேபிள் டென்னிஸ் ஆடிய பொண்ணு என்கிற மரியாதை அது. அவள் இறங்கிப் போனபிறகுதான் பேச்சு கிளம்பும். "மாற்றுத்திறனாளி டீம்ல ஆடுச்சுன்றாங்க, நடையப் பாத்தா அப்படி ஒண்ணும் தெரியலயேப்பா" என்பார் ஒருவர். "சர்டிபிகேட் எங்கயாச்சும் வாங்கியிருக்கும்ணே, இப்ப எல்லாந்தான் நடக்குது" என்பார் இன்னொருவர். அந்த வாயில் மண்ணை அள்ளிப் போடலாம் என்று வரும். பார்த்தால் தெரியாமல் போனதுதான் அவள் வாழ்க்கையைக் கெடுத்தது என்பது அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

பிறந்தது திருவாதவூர். அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களையெடுத்தும் கஞ்சி குடித்த குடும்பம். அப்பா மருதுதான் முதன்முதலில் வயலை விட்டு, மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போனவர். தமிழ்வாணி தவழ்கிற வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. இறங்கும்போது இடது காலின் வலுவையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. போலியோ என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் மருது வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அம்மா முருகம்மாள் அழவில்லை. "எந்திரிங்க. பாக்குறவுக கண்ணுக்கு எம்புள்ள எல்லாப் பிள்ளைகளாட்டமும் நடக்கும்" என்றாள்.

நடக்க வைத்தாள். அதுவும் எப்படி? தெருப்பிள்ளைகள் பாண்டி ஆடுகிற நேரத்தில் தமிழ்வாணி வீட்டுச் சுவரோரமாக நடந்துகொண்டிருப்பாள். தொடையில் வலுவில்லாதவர்கள் ஒரு கையால் தொடையை அழுத்திக்கொண்டுதான் அடி எடுத்து வைப்பார்கள். உடம்பு தானாகக் கண்டுபிடிக்கிற வழி அது. தமிழ்வாணியின் கை தொடைக்குப் போனதோ இல்லையோ, வாசலிலிருந்து குரல் வந்துவிடும். "கைய எடு. நெஞ்ச நிமித்து. நேரா நட." கை போகக்கூடாது, இடுப்பு ஆடக்கூடாது, தோள் சாயக்கூடாது. அழுதாலும் விடமாட்டாள். கடைசியில் முட்டியைப் பின்பக்கமாகத் தள்ளிப் பூட்டிக்கொண்டு, வயிற்றை இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி அடி வைக்கப் பிள்ளை பழகிக்கொண்டது. சாயங்காலம் ஆனால் இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்சம் மெதுவாக நடக்கிற பிள்ளை, அவ்வளவுதான்.

முருகம்மாளைத் திட்ட அவசரப்படாதீர்கள். "ஏற்கெனவே நம்மள ஒரு சொல்லு சொல்ல ஊருல காத்துக்கிட்டுக் கெடக்கான். அவன் வாய்க்கு நீ வேற அவலாகப் போறியா?" என்பாள். நொண்டி என்கிற சொல் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது. தம்பி பீமாராவ் சின்ன வயதில் ஏதோ சண்டையில் அதைச் சொல்லிவிட்டு, அன்று முழுக்கச் சோறு இல்லாமல் கிடந்தான். கோழி, ஆடு நொண்டினால்கூட "காலு சரியில்ல" என்றுதான் சொல்ல வேண்டும். ஒத்தக்கடையில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தபோதும் சட்டம் மாறவில்லை. புதுத் தெருவில் யாருக்குமே விஷயம் தெரியாது என்பதில் முருகம்மாளுக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஒத்தக்கடைக்குப் பக்கத்திலேயே காலேஜ். அங்கே பெண்கள் விளையாட்டு அறையில் ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை கிடந்தது. தமிழ்வாணிக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போனதன் காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும், கூடவே சங்கடமும் வரும். மேஜை மறைத்துவிடுகிறது. எதிரே நிற்பவருக்குத் தெரிவதெல்லாம் இடுப்புக்கு மேலேதான். கீழே கால் எப்படி நின்றால் என்ன? அவளுக்குக் கை அப்படி ஒரு கை. பந்தைச் சீவி அவள் போடும் சர்வீஸ் எதிராளியின் மட்டையில் பட்டதும் எங்காவது கோணலாகத் தெறித்து ஓடும். ஓட முடியாதவள் எதிராளியை ஓட வைத்தே ஜெயித்துவிடுவாள்.

காலேஜ்களுக்கிடையே நடந்த போட்டி ஒன்றில் இம்மானுவேல் சார் அவளைப் பார்த்தார். மதுரையில் மாற்றுத்திறனாளிகளுக்கு டேபிள் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் கோச். ஊருக்குத் தெரியாதது அவர் கண்ணில் மட்டும் பட்டுவிட்டது. கீழே விழுந்த பந்தை எடுக்க அவள் குனியவில்லை, ஒவ்வொரு தடவையும் வேறு யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை நின்றாள். பக்கத்தில் வந்து, "போலியோவாம்மா?" என்று மெல்லக் கேட்டார். தமிழ்வாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை என்று சொல்ல வாயெடுத்து, என்னவோ அன்றைக்கு ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். வீட்டில் முருகம்மாள் குதித்தாள். ஏரோப்ளேனில் போகலாம், அரசாங்க வேலைகூடக் கிடைக்கும் என்று இம்மானுவேல் சார் நேரில் வந்து சொன்னபிறகுதான் அடங்கினாள்.

பயிற்சிக் கூடத்தில் கிடைத்தவள்தான் ரோகிணி. மேற்கே விவசாயக் குடும்பம், அப்பாவுக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் விதைக்கடை. அவளுக்கும் போலியோ, வலது கால். ஆனால் ரோகிணி நடந்து வந்தால் தெருவே பார்க்கும். கையைத் தொடையில் ஊன்றி, உடம்பைச் சாய்த்துச் சாய்த்து, சத்தமாகப் பேசிக்கொண்டே வருவாள். "ஏ புள்ள, நீ என்ன மெலிட்டரில சேரப் போறியா, இப்படி வெறப்பா நடக்குற?" என்று முதல் நாளே கேட்டுவிட்டாள். இரண்டு பேரும் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டார்கள். ஆட்டத்தில் மட்டும் ரோகிணியின் பாச்சா தமிழ்வாணியிடம் பலிக்காது. மாநிலப் போட்டி, தேசியப் போட்டி, எங்கே மோதினாலும் தமிழ்வாணிதான் ஜெயிப்பாள். "ஒன்னைய ஜெயிக்க நான் இன்னொரு பெறவி எடுக்கணும்டி" என்று ரோகிணி சிரித்துக்கொண்டே வந்து கட்டிக்கொள்வாள்.

இரண்டு பேரையும் பாங்காக்கில் நடந்த சர்வதேசப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இந்த ஆட்டத்தில் எல்லாரும் எல்லாருடனும் மோத முடியாது. உடம்பின் குறைக்குத் தக்கபடி பிரித்து கிளாஸ் கொடுப்பார்கள். நின்று ஆடுகிறவர்களுக்கு ஆறிலிருந்து பத்துவரை. நம்பர் ஏற ஏறக் குறை கம்மி என்று அர்த்தம். தமிழ்வாணியின் காலுக்கு எட்டுதான் வரும் என்று இம்மானுவேல் சார் சொல்லியிருந்தார். ரோகிணிக்கும் எட்டு. சர்வதேசப் போட்டிக்கு முதல் தடவை போகும்போது அங்கேயுள்ள நிபுணர்கள் சோதித்துப் பார்த்து அந்த நம்பரை முடிவு செய்வார்கள். எந்த நம்பரோ அந்த நம்பர்க்காரர்களுடன்தான் காலம் பூராவும் ஆட வேண்டும்.

அதே சமயம் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மேலூர்ப் பையன், பாண்டிராஜ், எலக்ட்ரீஷியன். பொண்ணு பார்க்க வந்தபோது தமிழ்வாணி காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக நடந்து வந்தாள், நேராகத் திரும்பிப் போனாள். ஆனால் மாற்றுத்திறனாளி விளையாட்டு என்று காதில் விழுந்ததும் பையனின் அம்மாவுக்கு யோசனை. "காலு எம்புட்டுக்குச் சரியில்ல?" என்று கேட்டாள். "லேசா, இம்புட்டுப்போல" என்று முருகம்மாள் விரல்நுனியைக் காட்டினாள். யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் யோசித்துக்கொண்டே இருந்தார்கள்.

பாங்காக்கில் ஒரு பெரிய அறை. உள்ளே மூன்று பேர், எல்லாரும் வெள்ளைக்காரர்கள். முதலில் ரோகிணி போனாள், வழக்கம்போலச் சாய்ந்து சாய்ந்து நடந்து காட்டினாள், வெளியே வந்தாள். அடுத்து தமிழ்வாணி. அரைக்கால் சட்டை போட்டு அந்நியர்கள் முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை. நட என்றார்கள். மூன்று ஜோடிக் கண்கள் தன் காலையே பார்ப்பது தெரிந்ததும் அவள் உடம்பு தானாக ஒரு காரியம் செய்தது. நெஞ்சு நிமிர்ந்தது, முட்டி பூட்டிக்கொண்டது, மூச்சு அடங்கியது. காபித் தட்டு ஒன்றுதான் கையில் இல்லை. படுக்க வைத்து, காலைப் பிடித்துக்கொண்டு, தள்ளு என்றபோது பல்லைக் கடித்து இடுப்பின் வலுவையெல்லாம் சேர்த்துத் தள்ளினாள். வலிக்கிறதா என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டே இல்லை என்றாள்.

நம்பர் வந்தது. ரோகிணிக்கு எட்டு. தமிழ்வாணிக்கு ஒன்பது.

அவளுக்குச் சந்தோஷம்! அட, நம்பத்தான் முடியவில்லை, ஆனால் அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வெள்ளைக்கார டாக்டர்களே பார்த்து, உனக்குக் குறை கம்மிதான் என்று சொல்லிவிட்டார்கள். உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். முருகம்மாள் கேட்ட சூட்டோடு மேலூருக்குப் போன் போட்டாள். "வெளிநாட்டு டாக்டருக சோதிச்சுட்டாக சம்பந்தி, ஒண்ணுமே இல்லையாம்! ரோகிணின்னு ஒரு புள்ள, அதுக்கு எட்டு, எம்மகளுக்கு ஒம்பது!" தெருவில் எல்லார் வீட்டுக்கும் லட்டு போனது. மாலைக்குள் மேலூரிலிருந்து சம்மதமும் வந்துவிட்டது.

கூட வந்திருந்த இம்மானுவேல் சார் மட்டும் இடிந்துபோய் வந்தார். "வாணி, இது தப்பும்மா. உன்னைவிட நல்ல காலு உள்ளவங்களோட கொண்டுபோய்ச் சேத்துட்டாங்க. ஆட்சேபம் சொல்லலாம், ஆனா இன்னைக்கே சொல்லணும். மறுபடி நடந்து காட்டு. நீ நிஜமா எப்படி நடப்பியோ அப்படி." தமிழ்வாணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் லட்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மேலூரில் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது போய், இல்லை, எனக்குக் குறை அதிகம் என்று எழுதிக்கொடுப்பதா? "வேண்டாம் சார், இருக்கட்டும்" என்றாள். அவர் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். "ஒன்பதுலயே ஜெயிக்கிறேன் சார்" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் பின்னால் எத்தனை அழுகை அழுதாள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

மறுநாளே தெரிந்துவிட்டது. எதிரே நின்ற பெண்ணுக்கு இடது கையில் பாதிதான் இருந்தது. கால்கள் இரண்டும் அருமையான கால்கள், மான்குட்டி போல ஓடினாள். தமிழ்வாணியின் சர்வீஸில் முதலில் தடுமாறினாள், பிறகு சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டாள். பந்தை இடது ஓரத்துக்கு ஒன்று, வலது ஓரத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்தாள். பந்து எங்கே வரும் என்று தமிழ்வாணிக்குத் தெரிகிறது, கண் போகிறது, கை போகிறது, கால் மட்டும் வரமாட்டேன் என்கிறது. அந்தப் பெண்ணிடம் தோற்றாள், அடுத்தவளிடமும் தோற்றாள். பக்கத்து மேஜையில் ரோகிணி ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஜோர்டான், எகிப்து, சீனா என்று எத்தனையோ ஊர். எங்கே போனாலும் இதே கதை. முதல் சுற்று, மிஞ்சிப்போனால் இரண்டாம் சுற்று, அதோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். ரோகிணி ஆசிய அளவில் வெண்கலம் வாங்கினாள், பிறகு வெள்ளி வாங்கினாள். ஆரப்பாளையத்தில் பஸ் திரும்புகிற இடமெல்லாம் ரோகிணிக்கு ஃப்ளெக்ஸ். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலையும் வந்தது. தமிழ்வாணிக்கு அவள் படித்த காலேஜ் நூலகத்திலேயே புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலை. பயிற்சிக் கூடத்துக்குத் திரும்பி வந்தால் இரண்டு பேரும் எதிரெதிரே நிற்பார்கள். அப்போதும் தமிழ்வாணிதான் ஜெயிப்பாள். வெள்ளி வாங்கியவளை நன்றாக அடித்துப்போட்டுவிட்டு, கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

கிளாஸை மாற்றச் சொல்லி மனு கொடுக்க வழி இருந்தது. இம்மானுவேல் சார் வருஷா வருஷம் சொன்னார். ஆனால் கல்யாணம் ஆகிவிட்டதே! எட்டு என்று மாறிவிட்டால் பேப்பரில் வரும், மாமியார் காதுக்குப் போகும், ஏமாற்றிக் கட்டிக்கொடுத்தார்கள் என்று பேச்சாகும் என்று அவள் ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டாள். ஆகவே மேலூர் வீட்டில் அடுப்படிக்கும் கொல்லைக்கும் நேராக நடந்தாள். புருஷன் முன்னால் நேராக நடந்தாள். ஆள் இல்லாத வீட்டிலும் நேராகவே நடந்தாள். யார் எந்த நிமிஷம் வருவார்களோ?

இந்த முடிச்சு அவிழ்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒத்தக்கடை வீட்டில் கறிச்சோறு. தமிழ்வாணியும் பாண்டிராஜும் வந்திருந்தார்கள், ரோகிணியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவள் புதுசாக வாங்கிய மெடலை முருகம்மாள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எம்மகளுக்குத்தான் இப்படி ஒண்ணு வாய்க்கல" என்று பெருமூச்சு விட்டாள். ரோகிணிக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "அம்மா, கோவிச்சுக்காதீங்க. இது வாணி வாங்க வேண்டியது. எட்டுல இருந்திருந்தா அவளுக்கு அப்புறந்தான் நான். ஒம்பதுல போட்டாங்கள்ல, அன்னைக்கே அவ ஆட்டத்தக் குழிதோண்டிப் பொதைச்சாச்சு. நீங்க லட்டு குடுத்தீங்க."

முருகம்மாள் கரண்டியும் கையுமாக நின்றாள். "ஒம்பதுன்னா ஒசத்தின்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

பாண்டிராஜ் சோற்றில் பிசைந்த கையை எடுத்துவிட்டான். "சரி, அன்னைக்கு விட்டுட்டீங்க. இம்புட்டு வருசமா ஏன் திருப்பிக் கேக்கல?" என்று மனைவியைப் பார்த்தான். முருகம்மாள்தான் சொன்னாள். "ஒங்க வீட்டுக்குப் பயந்துதான் மாப்ள. ஒண்ணுமே இல்லன்னு சொல்லித்தான கட்டிக்குடுத்தோம்."

அவன் முதலில் சிரித்தான். அப்புறம் அந்தச் சிரிப்பு கோபமாக மாறியது. "அடிப்பாவி! தாலி கட்டிட்டு அக்கினியச் சுத்தி வந்தப்ப ஏங் கையப் பிடிச்சிருந்தல்ல, அந்தப் பிடியிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சே! ஒம்பாரம் அம்புட்டையும் ஏங் கையிலதான எறக்கின. அன்னைக்கு ராத்திரியே அம்மாட்டயும் சொல்லிட்டேன். அதுக்கென்னடா, நல்ல புள்ளன்னாங்க. அதோட விட்டாச்சு. நீ நிமிந்து நடக்குறது ஒனக்குப் பிடிச்சிருக்கு போலன்னு நான் பேசாம இருந்தா... இதுக்காகவா?"

தமிழ்வாணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு வருஷமும் மேலூர் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, யாருக்கும் அது ஒரு பொருட்டாகவே இருந்திருக்கவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் வாயைத் திறந்திருக்கலாம். கறிச்சோறு ஆறிப்போனது, யாரும் சாப்பிடவில்லை.

மனு போட்டார்கள். வயது ஏற ஏறக் கால் இன்னும் இளைத்துப்போயிருந்தது என்று டாக்டரும் சொன்னார். அந்த வருஷம் சர்வதேசப் போட்டி டெல்லியில். அங்கேயே மறுபடி சோதிக்கிறோம், இதுதான் கடைசி, இதற்கு மேல் கேட்க முடியாது என்று பதில் வந்தது. முப்பதைத் தாண்டியவளுக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆட்டம் பாக்கி இருந்தது. எட்டு கிடைத்தால் ஒரு மெடலாவது வாங்கிவிடலாம். இம்மானுவேல் சாருக்கே தூக்கம் போய்விட்டது.

கிளம்புவதற்கு முன்னால் ரோகிணி அவளைப் பயிற்சிக் கூடத்தில் நடக்கச் சொன்னாள். "நடிக்கச் சொல்லலடி. விடுன்னுதான் சொல்றேன். கால் எப்படிப் போகுதோ அப்படி விடு." தமிழ்வாணி நடந்தாள். நேராகத்தான் வந்தது. "விடுறி!" என்றாள் ரோகிணி. மறுபடி நடந்தாள். மறுபடியும் நேர்தான். எதை விடுவது? எந்த இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை. விவரம் தெரிவதற்கு முன்னாலேயே பழகிய நடை அது. அதற்கு அடியில் அவளுடைய சொந்த நடை என்று ஒன்று இருந்திருக்கும்தானே, அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை.

"நானும் வாரேன்" என்று முருகம்மாள் பிடிவாதமாகக் கிளம்பிவிட்டாள். புளிச்சோறு கட்டிக்கொண்டு டெல்லி ரயிலில் ஏறினாள். வழி முழுக்க மகளின் இடது காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தாள். அப்படி ஒரு நாளும் அவள் செய்ததில்லை. அந்தக் காலைத் தொட்டால் அதில் குறை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று நினைத்தவள்.

டெல்லியிலும் மூன்று பேர். நரைத்த தலையோடு ஒரு டாக்டரம்மா நடுவில். துணைக்கு இம்மானுவேல் சாரை மட்டும் உள்ளே விட்டார்கள், முருகம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். நட என்றதும் தமிழ்வாணி கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தாள். மூன்று ஜோடிக் கண்கள் காலின் மேல் விழுந்தன. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஐயோ, வேண்டாம் வேண்டாம் என்று மனசு கூப்பாடு போடுகிறது, உடம்பு கேட்டால்தானே! அறையின் அந்தக் கோடி வரைக்கும் அணிவகுப்புப் போல நடந்துபோய்த் திரும்பினாள்.

"இன்னொரு முறை நடக்கட்டுமா?" என்று கேட்டாள். சரி என்றார்கள். இந்தத் தடவை வலிந்து முட்டியைத் தளர்த்தினாள். ரோகிணி செய்வதைப்போலக் கையைத் தொடையில் ஊன்றினாள். கை எந்த இடத்தில் ஊன்ற வேண்டும் என்று தெரியவில்லை, மேலே வைத்தாள், கீழே வைத்தாள். கால் ஒரு பக்கம் போக உடம்பு இன்னொரு பக்கம் சாய்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். நடிக்க வேண்டாம், இப்படிச் செய்தால் தடை விதிக்கக்கூட விதி இருக்கிறது, உள்ளபடி நடந்து காட்டு என்று கண்டிப்பான குரலில் சொன்னார். என்ன கொடுமை பாருங்கள். பாங்காக்கில் நடித்த அன்றைக்கு நம்பிவிட்டார்கள்.

மத்தியானம் முடிவு வந்தது. ஒன்பதுதான். மாற்றமில்லை.

தமிழ்வாணி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "என்ன சொன்னாக?" என்று முருகம்மாள் கேட்டாள். "நல்லாத்தான் நடக்குறேனாம்மா, சாஞ்சு நடந்தது நடிப்பாம்" என்றாள் மகள்.

முருகம்மாள் எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, யார் தடுத்தும் நிற்காமல், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பின்னால் ஓடிய தமிழ்வாணி வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா அந்த டாக்டரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். "தாயி, எம்மக நொண்டிதான் தாயி. நான் பெத்தவ சொல்றேன், அவ நொண்டி. நாந்தான் அடிச்சு அடிச்சு நேரா நடக்க வச்சேன். நீங்க பாக்குறது அவ நட இல்ல, என் நட. ராத்திரி கால் வலியில முக்குவா, சத்தம் வெளிய வராது. அவளுக்கு நடிக்கத் தெரியாது தாயி, நொண்டிதான்."

டாக்டரம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று வாசலைப் பார்த்துக் கேட்டார். தமிழ்வாணி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னாள், எதையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்த டாக்டரம்மா முருகம்மாளின் கையைத் தட்டிக்கொடுத்து, எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது, முடிவை எழுதியாகிவிட்டது, நாங்கள் கண்ணால் பார்ப்பதைத்தான் எழுத முடியும் என்றார்.

தாழ்வாரத்தில் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். உள்ளே எங்கோ பந்து மேஜையில் படுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தமிழ்வாணி ஆடப் போக வேண்டும், ஒன்பதில். முருகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திரும்பி மகளைப் பார்க்கவில்லை.

"ஒன்னைய ஒம்போக்குல நொண்ட விட்டிருக்கணும்டி" என்றாள்.

இல்லம்மா, அப்படியெல்லாம் இல்லை என்று தமிழ்வாணி சொல்ல நினைத்தாள். பெற்றவள் அழும்போது எந்த மகளும் சொல்கிற வார்த்தைதான் அது. வாயைத் திறந்தாள், வரவில்லை. அம்மா சொன்னது நிஜமாக இருந்தது.